ஒன்பதாவது சனிக்கிழமை

செவ்வாய்ப்பேட்டை ஜோசியர் கட்டம் பார்த்துச் சொன்னது:
ஒன்பது சனிக்கிழமை, வாரம் இருபத்தேழு பேர்.
பசித்த வாய்க்குள் ஏதாவது போனால்
மகள் ஜாதகத்தில் குந்தியிருப்பவர்
எழுந்து நகர்வாராம்.
நான் ஜவ்வரிசி வியாபாரி. கணக்கு உடனே புரிந்தது.

பெரியாஸ்பத்திரிக்குள், வேப்பமரத்தடியில்
கஞ்சி ஊற்றும் கூட்டம் ஒன்று உண்டு.
பேர் கிடையாது, பேனர் கிடையாது.
வேலையை முடித்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஆக்னஸ்,
ஷேர் ஆட்டோ மாதேசன்,
கொலுசுப் பட்டறையிலிருந்து
விரல் கறுப்போடு ஓடிவரும் மெகருன்னிசா.

முதல் வாரம் ஒரு மூட்டை இறக்கினேன்.
குடோன் மூலையில் விலைபோகாமல் கிடந்த நொறுங்கல்.
ஆக்னஸ் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.
“போன வருசத்துச் சரக்கா?”
“புதுசுதாம்மா.”
“சரி, ரெண்டு தண்ணி கூடக் கழுவிக்கலாம்.”
அவ்வளவுதான் சொன்னார்.
அந்த ரெண்டு தண்ணி
ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து
வீடு வரைக்கும் வந்தது.

அங்கே யாரும் சாமி கும்பிட்டுப் பார்த்ததில்லை.
அடுப்பு பற்றும்போது மாதேசன் “ஆத்தா” என்பான்,
மெகருன்னிசா உதடு அசையும்,
ஆக்னஸ் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்.

நான் இருபத்தேழு தம்ளர் ஊற்றியதும்
கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன்.
இருபத்தெட்டாவது ஆள்
மாதேசன் பக்கம் நகர்ந்துகொள்வார்.
பரிகாரத்தில் கூடப் போனாலும் குறைதானோ
என்னவோ, எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது வாரம் ஆடி.
கோட்டை மாரியம்மன் கூட்டத்தில்
ஊரே மஞ்சளாகக் கிடந்தது.
முடித்துவைக்க, சுகவனேஸ்வரர் கோயிலில்
பதினொரு மணிக்கு அர்ச்சனை சொல்லியிருந்தேன்.
பதினெட்டாவது தம்ளரை நீட்டினால்
வாங்கக் கையில்லாமல் நிற்கிறாள் ஒருத்தி.

மலையிலிருந்து இறங்கியவள், நாகலூர்ப் பக்கம்,
பேர் வெள்ளச்சி என்று அப்புறம் தெரிந்தது.
ஸ்ட்ரெச்சரில் புருசன். ஸ்கேனுக்கு வரிசை.
ஸ்டாண்டு கிடைக்கவில்லை.
குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி
காலையிலிருந்து அப்படியே.
“சித்த புடிச்சுக்கறியா சாமி,
ஒண்ணுக்குப் போயிட்டு வந்தர்றேன்.”

பிடித்தேன்.
அவள் வரவில்லை.
வலது கை மரத்து இடது கைக்கு மாற்றினேன்.
கொஞ்சம் தாழ்ந்ததும்
குழாயில் ரத்தம் மேலே ஏறி வந்து
என்னைப் பார்த்தது.
உயர்த்தினேன்.

அந்த மனுசன் கண்ணைத் திறந்தார்.
“காப்பிக்கொட்டை காயுதே, மழை வருதே.”
“அள்ளியாச்சுங்க.”
“தார்ப்பாய்?”
“போட்டு, மேல கல்லும் வெச்சாச்சு.”
கண்ணை மூடிக்கொண்டார்.
இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை
வியாபாரத்தில்கூட நான் சொன்னதில்லை.

பதினொன்று தாண்டியிருக்கும்.
அங்கே என் மகள் பேர், நட்சத்திரம்
நானில்லாமலே படிக்கப்பட்டிருக்கும்.
ஐம்பத்திரண்டு வயதில்
எந்தச் சந்நிதியிலும் இவ்வளவு நேரம்
கை உயர்த்தி நின்றதில்லை.
பழக்கதோசம், சொட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.
நூற்று நாற்பதோ, நூற்று ஐம்பதோ,
எங்கேயோ விட்டுவிட்டேன்.
விட்டதைத் தேடிப் போகவும் தோன்றவில்லை.

வெள்ளச்சி மூச்சிரைக்க வந்தாள்.
“எல்லாம் ஒரே மாதிரிக் கதவு சாமி,
நாலு சுத்து சுத்திட்டேன்.”
பாட்டிலை வாங்கப் பார்த்தாள்.
முதலில் கஞ்சியைக் குடி என்றேன்.
ஆறியிருந்தது. நின்றபடியே குடித்தாள்.

மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை.
இருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

பத்தாவது சனிக்கிழமை
மில்க் ஒயிட் பத்துக் கிலோவை
ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு போனேன்.
ஆக்னஸ் ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார்,
ஒன்றும் சொல்லாமல் பானையில் போட்டார்.
பிறகு வழக்கம்போலத் தீப்பெட்டியைத் தேடினார்.
என் சட்டைப்பையில் ஒன்று இருந்தது.